பாலகுரு கலந்த சாம்பல் நிறம்

காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் பெயின்டர் பாலகுருவைத் தெரியாத ஆள் கிடையாது. அப்படி யாராவது இருந்தால் பாலகுருவே போய்த் தெரிவித்துவிடுவார். அரசலாற்று முகத்துவாரத்தில் கட்டிக் கிடக்கும் விசைப்படகுகளில் பாதிக்கு மேல் பெயர் எழுதியது அவர் கைதான். எழுத்து ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். 'ழ'வுக்கு அவர் இழுக்கும் சுழியைப் பார்த்தே இது பாலகுரு வேலை என்று நடுக்கடலில் சொல்லிவிடுவார்கள். வயது ஐம்பத்தைந்து. தருமபுரத்தில் சொந்த வீடு. மனைவி தாமரைச்செல்வி. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து, பேத்தியும் பிறந்தாகிவிட்டது. சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை, குடி இல்லை. ஒரு மனுஷன் நிம்மதியாக இருப்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் அவருக்கு ஒரு வியாதி இருந்தது. இன்னொருத்தனை நாலு பேர் மெச்சிப் பேசினால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அந்த இன்னொருத்தன் யாரோ எவரோ என்றாலும் போகட்டும். சொந்தத் தங்கை நீலாயதாட்சியின் புருஷன் முத்தையன்தான் அவன். முத்தையனுக்கும் நாற்பத்தைந்து வயது ஆகிறது, மரியாதையாக 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். ஆனால் பாலகுரு படித்தால் மனசு கஷ்டப்படுவார். அதனால் அவன் என்றே இருக்கட்டும்.

முத்தையன் பன்னிரண்டு வருஷம் துபாயில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் வெல்டராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். அவன் அங்கே இருந்த வரைக்கும் பாலகுருவுக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். 'எங்க மாப்ள துபாயில' என்று பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். வந்து இங்கேயே வேலை பார்க்க ஆரம்பித்ததுதான் வினையாகப் போயிற்று.

அந்த வினை எங்கே தொடங்கியது என்று தெரிய, படகு முதலாளி கலைவாணன் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகளையெல்லாம் கரையேற்றி, கட்டைகளின் மேல் நிறுத்தி, அடிப்பாசியைச் சுரண்டி, பழுது பார்த்து, வண்ணம் அடித்து, திரும்பத் தண்ணீரில் இறக்குவார்கள். கலைவாணனின் அப்பா குஞ்சிதபாதம் நாலு படகு வைத்திருந்தவர். படகு இறங்குகிற அன்று பூசை முடிந்ததும், அந்தப் படகின் மேல் கடைசியாகக் கை வைத்த வேலைக்காரர் யாரோ அவருக்குத்தான் முதல் தட்டு கொடுப்பார். பித்தளைத் தாம்பாளத்தில் வேட்டி, துண்டு, தேங்காய், வெற்றிலை பாக்கு. தாம்பாளமும் வாங்கிக்கொண்டவருக்கே. மற்ற வேலைக்காரர்களுக்கு அதன் பிறகுதான்.

மரப்படகு காலத்தில் இதில் சிக்கலே கிடையாது. தச்சர் வேலை முடிந்து, மெக்கானிக் வேலை முடிந்து, எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு போன பிறகுதான் பெயின்டர் வருவார். ஆக, கடைசிக் கை எப்போதும் பாலகுருவுடையது. இருபத்திரண்டு வருஷம் ஒரு வருஷம் விடாமல் முதல் தட்டை அவரே வாங்கினார். தாமரைச்செல்வியின் அடுப்படிப் பரணில் அந்தத் தாம்பாளங்கள் அடுக்கி வைத்திருக்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் கண்ணில் படும்படி ஒன்றை இறக்கித் துடைக்கச் சொல்லுவார்.

அப்பா காலமான பிறகு கலைவாணன் இரண்டு வருஷத்துக்கு முன் இரும்புப் படகு ஒன்று கட்டினார். தன் அம்மா பெயரையே வைத்தார், குமுதவல்லி. அந்தப் படகுக்கு வெல்டிங் வேலைக்கு வந்தவன்தான் முத்தையன்.

"தம்பி, இரும்புப் போட்டுக்கு ஜிங்க் கட்டி வைக்காம எறக்காதீங்க" என்றான் அவன் வந்த அன்றே. "பின்னாடி தண்ணியத் தள்ற விசிறி வெங்கலம், ஒடம்பு இரும்பு. ரெண்டும் ஒண்ணா உப்புத் தண்ணியில கெடந்தா அது ஒரு பேட்டரி மாதிரி. இரும்பு கொஞ்சங் கொஞ்சமா கரைஞ்சு போகும். பக்கத்துல ஜிங்க்க வெல்டு வச்சிட்டோம்னா, அது இரும்பைவிட சீக்கிரம் கரையற சாதி. அது முந்திக்கிட்டுக் கரையும், இரும்பு தப்பிச்சிரும். வருஷா வருஷம் தேஞ்ச கட்டிய எடுத்துட்டுப் புதுசு போட்டுக்கலாம்."

ஜிங்க் என்று அவன் சொன்னது துத்தநாகத்தை. நம்ம ஊரில் யாரும் துத்தநாகம் என்று வாய் நிறையச் சொல்லுவதில்லை, பள்ளிக்கூடப் புத்தகத்தில் மட்டும்தான் அந்தப் பெயர்.

கலைவாணனுக்கு நம்பிக்கை வரவில்லை. முத்தையன் வாதாடவில்லை. துறைமுக வாசலில் இருக்கிற ரிஃபாயின் டீக்கடையில் இரண்டு காலி ஊறுகாய் பாட்டிலைக் கேட்டு வாங்கினான். இரண்டிலும் கடல் தண்ணீர் ஊற்றி, செம்புக் கம்பி சுற்றிய இரும்பு ஆணி ஒவ்வொன்று போட்டான். பிறகு ஒரு பழைய டார்ச் பேட்டரியைப் பிளந்தான். அதன் உள்ளே இருக்கிற உறை துத்தநாகத் தகடு. அதில் ஒரு துண்டை வெட்டி இரண்டாவது பாட்டிலின் ஆணியோடு இறுக்கிக் கட்டினான். அவ்வளவுதான். பத்து நாளில் முதல் பாட்டிலின் தண்ணீர் டீ டிக்காஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. இரண்டாவதில் ஆணி போட்டபடி பளிச்சென்று இருந்தது. தகடுதான் சொறசொறத்து, வெள்ளையாகப் பஞ்சு மாதிரி எதையோ கக்கிக்கொண்டிருந்தது. ரிஃபாய் அந்த இரண்டு பாட்டிலையும் பிஸ்கட் ஜாடிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார். டீ குடிக்க வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள், அதைப் பார்ப்பதற்காகவே டீ குடிக்கவும் வந்தார்கள். பாலகுரு மட்டும் அந்தப் பத்து நாளும் எதிர்ப்பக்கக் கடையில் டீ குடித்தார். அந்த டீ வாயில் வைக்க முடியாது.

இதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். படகு இறங்குகிற அன்று நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. துத்தநாகக் கட்டி கடல் தண்ணீரை நேராகத் தொட வேண்டும், அதன் மேல் ஒரு பொட்டு வண்ணம்கூடப் படக் கூடாது. அதனால் வெல்டு வைத்த கையோடு முத்தையன் எட்டுக் கட்டிகளையும் செய்தித்தாள் சுற்றி ஒட்டி மூடிவைத்திருந்தான். பாலகுரு அடித்து முடித்த பிறகு அந்தத் தாளைக் கிழித்து, கம்பிப் பிரஷ் போட்டு ஒவ்வொரு கட்டியையும் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கினான்.

பூசை முடிந்தது. பாலகுரு வழக்கம் போலத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார். தாம்பாளம் அவரைத் தாண்டிப் போயிற்று.

"கோவிச்சிக்காதீங்க பாலகுருண்ணே" என்றார் கலைவாணன். "எங்க அப்பா வச்ச வழக்கம் உங்களுக்கே தெரியும். கடைசியா கை வச்சது முத்தையண்ணந்தான?"

முத்தையன் தட்டை வாங்கி, நேராக பாலகுருவிடம் வந்து, "நீங்க வச்சிக்குங்க மச்சான்" என்று நீட்டினான். அவன் அப்படி நீட்டாமல் இருந்திருந்தாலாவது மன்னித்திருக்கலாம். நாலு பேர் முன்னால் பிச்சை போடுகிறான் பார் என்று பாலகுருவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "எனக்கெதுக்கு மாப்ள, எங்க வீட்டுல தாம்பாளம் வைக்க எடமில்ல" என்று சிரித்துவிட்டு வந்தார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

அதிலிருந்து பிடித்தது சனி. எங்கே திரும்பினாலும் துத்தநாகம். வெயில் காலத்தில் முதுகெல்லாம் வேர்க்குரு வந்து தாமரைச்செல்வி ரோஸ் நிறத் தைலம் ஒன்றைத் தடவினாள். "இதுலயும் ஜிங்க்குதானாங்க. நீலா சொன்னா, முத்தையண்ணன் சொல்லிச்சாம்" என்றாள். பாலகுரு புட்டியைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தார். உண்மைதான், துத்தநாக வெள்ளையும் துளி காவியும் கலந்த கலவை. பேத்திக்கு வயிற்றுப்போக்கு என்று பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தோடு பதினாலு நாளைக்கு ஜிங்க் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பக்கத்து ஊர் நெரவியில் தாமரைச்செல்வியின் தம்பி வயலுக்குப் போனால், நடவுக்கு முன்னால் அவன் ஜிங்க் சல்பேட்டை மணலில் கலந்து தூவிக்கொண்டிருந்தான். போடாவிட்டால் பயிர் இலையில் துருப் புள்ளி விழுந்து கட்டையாக நின்றுவிடுமாம். டி.ஏ.பி. உரத்தோடு சேர்த்துப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பயிருக்குக் கிடைக்காதாம், அதனால் தனியாகத்தான் போட வேண்டுமாம். "முத்தையண்ணனுக்குத் தெரியாத விஷயம் இல்ல" என்று மைத்துனன் வேறு சொல்லிவைத்தான். பாலகுரு அங்கே தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

பொங்கலுக்குத் தங்கையும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு வந்தபோது முத்தையன் பரணைப் பார்த்துவிட்டு வெகுளியாகச் சொன்னான்: "பித்தளைன்னா செம்பும் ஜிங்க்கும்தான் மச்சான். மூணுல ஒரு பங்கு ஜிங்க்கு இருக்கும். கொல்லையில போட்டிருக்கீங்களே தகரக் கூரை, அது மேல பூசியிருக்கறதும் அதுதான்."

இருபத்திரண்டு வருஷம் அவர் வாங்கிச் சேர்த்த தாம்பாளத்திலும் மூன்றில் ஒரு பங்கு முத்தையனுக்குப் போயிற்று!

அவருடைய வேதனை என்னவென்றால், துத்தநாகம் முதலில் அவருடையது. ஜிங்க் ஒயிட் என்று வெள்ளைப் பொடி வரும், துத்தநாகத்தை எரித்து எடுக்கிற வெள்ளை. விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த இளவயசிலிருந்து அதை எண்ணெய் விட்டுக் குழைத்துக் குழைத்து அவர் விரல் ரேகையே தேய்ந்திருக்கிறது. ஈய வெள்ளை கறுத்துப் போகும், மற்ற வெள்ளைகள் மங்கும், இது அப்படியே நிற்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அதை ஒரு பாட்டிலில் போட்டு டீக்கடையில் வைக்க அவருக்குத் தோன்றவில்லை. இப்போது ஊரே ஜிங்க் என்றால் முத்தையன் என்கிறது.

போன வருஷம் தடைக்காலம் வந்தது. குமுதவல்லியைக் கரையேற்றினார்கள். கட்டிகள் பாதிக்கு மேல் கரைந்து, கரையான் அரித்த மாதிரி இருந்தன. இரும்பு கொஞ்சமும் பழுதில்லை. கலைவாணன் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். முத்தையன் புதுக் கட்டிகளை வெல்டு வைத்துத் தாள் சுற்றினான்.

பாலகுரு பெயின்ட் வாங்க டவுனில் ஜவஹர் அலியின் கடைக்குப் போனார். ஜவஹர் அலி அவருக்கு முப்பது வருஷப் பழக்கம். சும்மா கேட்பது போலக் கேட்டார்.

"பாய், இந்த ஜிங்க் கட்டி மேல பெயின்ட்டு பட்டா நெசமாவே கெட்டுப் போயிருமா, இல்ல சும்மா பந்தாவுக்குச் சொல்றானுங்களா?"

"டின்லயே போட்டிருக்கானே பாலகுரு, படிச்சுப் பாருங்க" என்று ஜவஹர் அலி டின்னைத் திருப்பிக் காட்டினார். துத்தநாகத்தின் மேல் அடிக்கக் கூடாது என்று படம் போட்டே அச்சடித்திருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அடங்கியிருப்பார்கள். பொறாமைக்காரனுக்குப் படிப்பறிவும் உதவாது. டின் அடிக்கிற கம்பெனிக்காரன்வரை இவன் ஆள் பிடித்து வைத்திருக்கிறானே என்றுதான் பாலகுருவுக்குத் தோன்றியது. ஒரு வருஷம் ஜிங்க் வேலை செய்யாவிட்டால் இரும்பு என்ன உருகியா ஓடிவிடும், எல்லாம் இவன் கடைசியில் வந்து கை வைப்பதற்குச் செய்த ஏற்பாடு என்று வழி முழுக்கத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அதை நம்பியும்விட்டார்.

படகு இறங்குவதற்கு முதல் நாள் உச்சி வெயில். முத்தையன் தாளைக் கிழித்து, கட்டிகளைத் தேய்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். கரையில் ஆள் இல்லை. பாலகுரு ஒரு தேங்காய் ஓட்டில் சீக்கிரம் காய்கிற எபாக்ஸிப் பிசினை ஊற்றி, அதில் ஜிங்க் ஒயிட் பொடியைப் போட்டுக் கலக்கினார். விளக்குக் கரி கொஞ்சம். சாம்பல் நிறம் வந்தது, ஆனால் செத்த சாம்பல். தேய்த்த துத்தநாகத்தில் ஓரமாக ஒரு நீலம் ஓடும். ஒரு சிட்டிகை நீலம் போட்டார். அது அதிகமாகிவிட்டது, மறுபடி வெள்ளை. பளபளப்பைக் கொல்லச் சாக்பீஸ் பொடி தூவினார். கட்டியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எது உலோகம் எது வண்ணம் என்று அவருக்கே ஒரு நொடி பிடிபடவில்லை. எட்டுக் கட்டிக்கும் ஒரு பூச்சு கொடுத்தார். ஜூன் வெயிலில் அது காய, நிழலில் உட்கார்ந்து காத்திருந்து, ஆட்கள் திரும்புவதற்குள் இன்னொரு பூச்சும் கொடுத்தார். கம்பிப் பிரஷ் கீறின கோடுகள்கூட அதில் இருந்தன. அவர் ஆயுசில் கலந்த நிறங்களிலேயே அதுதான் சிறந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது என்பதுதான் ஒரே குறை.

மறுநாள் முதல் தட்டு முத்தையனுக்கே போயிற்று. பாலகுரு கை தட்டினார். கடைசிக் கை எவனுடையது என்று எனக்குத் தெரியுமடா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. யாருக்கும் தெரியாத ஜெயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தை மாதத்தில் குமுதவல்லியின் பின்பக்கம் கொஞ்சம் நீர்க்கசிவு இருக்கிறது, மோட்டார் போட்டு இறைத்துக்கொண்டுதான் வருகிறோம் என்று அதில் போகிற ஆட்கள் டீக்கடையில் பேசினார்கள். பாலகுரு டீ கிளாஸைக் கீழே வைத்தார். வாயைத் திறக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார். அதற்குள் ரிஃபாய், "முத்தையன்ட்ட சொல்லுங்க, அவரு பாத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டார். பாலகுரு வாயை மூடிக்கொண்டார். அவன்தான் எல்லாம் தெரிந்தவனாயிற்றே, அவனே கண்டுபிடிக்கட்டும். முத்தையனும் வந்து பார்த்தான். படகு தண்ணீரில் கிடக்கும்போது அடிப்பக்கம் தெரியாது. கசிந்த இடத்தில் உள்ளேயிருந்து ஒட்டுப் போட்டுக் கொடுத்து, கரையேற்றும்போது சரியாகப் பார்த்துவிடலாம் என்றான்.

இந்த வருஷம் தடைக்காலம் தொடங்கிய மூன்றாம் நாள் குமுதவல்லி கரையேறியது. தண்ணீர் பீய்ச்சிப் பாசியைக் கழுவினார்கள். கழுவக் கழுவ, செங்காவி நிறத்து அடிப்பாகத்தில் எட்டுக் கட்டியும் நேற்று வைத்தது போல முழுசாகத் தெரிந்தன. கூட்டம் கூடிவிட்டது.

"யப்பா, போன தடவ பாதியா தேஞ்சிருந்துச்சு. இந்தத் தடவ ஒரு சிராய்ப்பு இல்ல பாரு!"

"என்ன சரக்கு போட்டாரோ முத்தையன். கைராசி அப்படி."

பாலகுரு கொஞ்சம் தள்ளி, பக்கத்துப் படகின் நிழலில் நின்றிருந்தார். நல்லாப் பாருங்கடா, அது என் நிறம்டா என்று நெஞ்சுக்குள் கிடந்து துடித்தது. இவர் கலந்த சாம்பல், இவர் போட்ட நீலம், பேர் மட்டும் அவனுக்கு! முத்தையன் மட்டும் சிரிக்கவில்லை. கட்டி தேயாமல் இருந்தால் அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அவன் முகம் வெளுத்துப் போய் நின்றான்.

கலைவாணன் சுத்தியலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். தட்டிக்கொண்டே வந்தார். சுக்கானுக்குப் பக்கத்தில் சத்தம் மாறியது. இன்னொரு தட்டு. தகடு உள்ளே அமுங்கியது. திருப்புளியை வைத்து அழுத்தினார், அது அப்படியே இறங்கிவிட்டது. விசிறி அச்சைச் சுற்றிலும் குழி குழியாக அரித்திருந்தது. முத்தையன் உள்ளே போட்ட ஒட்டு மட்டும்தான் கடலை வெளியே நிறுத்தி வைத்திருந்தது.

"ஜிங்க்கு புதுசா இருக்கு, இரும்பு செத்துக் கெடக்கு" என்றார் கலைவாணன். "என்ன முத்தையண்ணே இது? ஏதாவது போலிச் சரக்கா?"

கூட்டம் கட்சி மாற எவ்வளவு நேரமாகும்? "அப்பவே நெனச்சேன், தேயாம எப்படி இருக்கும்னு" என்று ஒருத்தர் ஆரம்பித்தார். கைராசியைப் புகழ்ந்த அதே வாய்தான். பாலகுரு இரண்டு வருஷமாகக் கேட்க ஏங்கிய பேச்சு இது. வெற்றிலை மெல்லுகிற நேரத்துக்கு அவர் மனசு குளிர்ந்தது என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை.

முத்தையன் சுரண்டியை எடுத்து, முதல் கட்டியின் ஓரத்தில் வைத்து இழுத்தான். சாம்பல் நிறத் தோல் ஒன்று சுருண்டு அவன் உள்ளங்கையில் விழுந்தது. அடியில் பளபளவென்று துத்தநாகம் தெரிந்தது. தோலை விரலால் நிமிர்த்திப் பார்த்தான். இரண்டு பூச்சு. அந்தத் துறைமுகத்தில் இப்படி ஒரு நிறத்தைக் கலக்கத் தெரிந்த கை ஒன்றுதான் இருக்கிறது. தலையை நிமிர்த்தி, நிழலில் நின்ற பாலகுருவை ஒரே ஒரு தடவை பார்த்தான். கையை மூடிச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"தப்பு எம்மேலதான் தம்பி" என்றான். "வெல்டு வச்ச எடத்துல அடியில துரு இருந்திருக்கு, நான் சரியா தேய்க்கல. இரும்போட ஒட்டே இல்லாம கட்டி சும்மா தொங்கிக்கிட்டு இருந்திருக்கு. கெட்ட தகட்டையெல்லாம் நானே வெட்டி எடுத்துப் புதுசு போட்டுத் தர்றேன். தடை முடியறதுக்குள்ள முடிச்சிருவேன்."

கலைவாணன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் மெல்ல இறங்குவது தெரிந்தது.

"சரி விடுண்ணே. வேலைன்னா தப்பு வரத்தான் செய்யும்."

"தப்ப ஒத்துக்க ஒரு மனசு வேணும்ப்பா" என்றார் கூட்டத்தில் ஒரு பெரியவர். "இந்தக் காலத்துல யாரு ஒத்துக்கறா? எட்டாளு உசுர அந்த ஒட்டுதான காப்பாத்தியிருக்கு. தங்கமான மனுஷன்."

"ஆமா, மனுஷன்னா முத்தையன் மாதிரி இருக்கணும்" என்றார் இன்னொருத்தர்.

பாலகுருவுக்கு அதற்கு மேல் கேட்க முடியவில்லை. அவன் வேலை செய்தால் பேர் அவனுக்கு. அந்த வேலையை இவர் கெடுத்தால் அதற்கும் பேர் அவனுக்கு. எப்படிப் புரட்டிப் போட்டாலும் அவன்தான் மேலே வந்து நிற்கிறான்! கால் தானாக நடந்து வெயிலுக்கு வந்துவிட்டது.

"அவன் பொய் சொல்றான்!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"வெல்டும் இல்ல, துருவும் இல்ல. அது பெயின்ட்டு தம்பி. நான் அடிச்சது. ரெண்டு கோட்டு. நம்பலன்னா அவன் சட்டைப் பையில பாருங்க."

"மச்சான், சும்மா இருங்க" என்றான் முத்தையன்.

"நீ சும்மா இருடா!" பாலகுரு மூச்சு வாங்கினார். "இவ்வளவு நேரமா எதப் பாத்து ஆகா ஓகோன்னீங்க எல்லாரும்? ஜிங்க்கப் பாத்தா? என் கலரப் பாத்து! ஒரு வருஷம் கடல்ல கெடந்திருக்கு, ஒருத்தருக்காவது வித்தியாசம் தெரிஞ்சுதா? கருப்பும் நீலமும் எவ்வளவு போட்டேன்னு எவனாலயாவது சொல்ல முடியுமா? சொல்லுங்க பாப்போம்!"

அவர் முகத்தில் அந்த நேரத்திலும் ஒரு பெருமை இருந்தது, அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

கலைவாணன் சுத்தியலைக் கீழே வைத்தார். கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் கத்தவில்லை.

"ஏண்ணே?" என்றார். "எட்டுப் பேரு இதுல ஏறிக் கடலுக்குப் போனாங்கண்ணே."

கடைசிக் கை என்னுடையதாக இருக்க வேண்டும் என்றுதான் செய்தேன் என்று எப்படிச் சொல்வது? எட்டுப் பேரில் நாலு பேர் அங்கேயே நின்றிருந்தார்கள். அதில் ஒருத்தருடைய மகனுக்குப் போன மாதம்தான் காது குத்தினார்கள், பாலகுரு போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். அந்த ஆள் இவரை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே எங்க போட்டுல கை வைக்காதீங்க" என்றார் கலைவாணன். "எங்க அப்பா இருந்திருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பாரு."

பாலகுரு பிரஷ் பையை எடுத்துக்கொண்டு வண்டி நிறுத்தின இடத்துக்கு நடந்தார். பின்னாலேயே செருப்புச் சத்தம் கேட்டது. முத்தையன். வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்று, என்ன பேசுவது என்று தெரியாமல் சட்டைப் பையிலிருந்து அந்தச் சுருளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"கையால சுரண்டுற வரைக்கும் எனக்கே தெரியல மச்சான்" என்றான். "பன்னெண்டு வருஷம் அங்க எத்தனையோ பெயின்டருங்களப் பாத்திருக்கேன். இப்படி ஒரு கை யாருக்கும் கெடையாது."

மனசாரச் சொன்னான். அதில் குத்தலே இல்லை என்பது பாலகுருவுக்கும் தெரிந்தது. ஆயுசு பூராவும் யாராவது ஒருத்தர் இப்படிச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தவர்தான் அவர். அது போயும் போயும் இந்த வாயிலிருந்தா வர வேண்டும்? வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் தருமபுரம் வந்து சேர்வதற்குள் சேதி நீலாயதாட்சியின் போனில் ஏறி தாமரைச்செல்வியிடம் வந்திருந்தது. அவள் அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள். அவர் கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவள் சோற்றைப் போட்டு மீன் குழம்பை ஊற்றினாள். அவர் நாலு வாய் சாப்பிடுகிற வரைதான் அவளால் பொறுக்க முடிந்தது.

"பண்ணது பண்ணீங்க. இனிமே நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நாத்தனா வீட்டு வாசப்படி மிதிப்பேன்? அந்த அண்ணந்தான் மொத்தத்தையும் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டாரே. உங்களக் காட்டிக் குடுக்கலையே. வாய மூடிக்கிட்டு நின்னிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கப் போவுது?"

பாலகுரு பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"அது நான் பண்ணதுடி. அத அவன் எப்படி எடுத்துக்கலாம்?"